விண்ணப்பத்தில் அறுபத்திரண்டு பவுன்

டிசம்பர் 9, செவ்வாய்

காலை முழுக்க மூடுபனி. பத்து மணிக்குத்தான் எதிர்வீட்டுக் கூரை தெரிந்தது. சான் ரமோனில் இந்த வாரம் பூரா இப்படித்தானாம்.

செய்ய வேண்டியவை: கேக்குக்குத் திராட்சை ஊறப்போட (ஏற்கெனவே பிந்திவிட்டது). கார் இன்ஷூரன்ஸ். இவருடைய வெள்ளைச் சட்டை இஸ்திரி. நாளை மில்பிடாஸில் இன்டர்வியூ, ஆகஸ்டில் வேலை போனதிலிருந்து ஏழாவது.

ரோஷினியின் காலேஜ் முடிவு வெள்ளி மாலை நான்கு மணிக்கு. முன்கூட்டியே அப்ளை பண்ணியது இந்த ஒன்றுக்குத்தான். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், நர்சிங். இடம் கிடைத்தால் உதவித்தொகை எவ்வளவு என்பதும் அன்றே தெரியும். எல்லாம் கழிந்து நம் கையிலிருந்து வருடத்துக்குப் பதினெட்டாயிரம் டாலர். அதுதான் வரம்பு. மூன்று பேரும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டது. தாண்டினால் வீட்டிலிருந்தே போய்வரும் இரண்டு வருடக் காலேஜ். அதை அவளேதான் சொன்னாள். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

நவநாள் செபம் முடித்தேன். அந்தோணியாரிடம் தொகையைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

டிசம்பர் 10, புதன்

பனி. இன்டர்வியூ "நல்லாத்தான் போச்சு" என்றார். போன ஆறு தடவையும் இதே பதில்.

சாயங்காலம் ரோ. லேப்டாப்பில் உதவித்தொகைப் படிவத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அக்டோபரில் நிரப்பி அனுப்பியது.

"அம்மா, இங்க வா. வாட் இஸ் திஸ்?"

'வேறு முதலீடுகள்' என்று ஒரு கட்டம். அதில் அறுபத்தைந்தாயிரம்.

"நகை" என்றேன்.

"என்ன நகை?"

"என் நகைதான். அறுபத்திரண்டு பவுன். அன்னைக்கு விலை போட்டு, கல்லு எடைய கழிச்சுதான் எழுதினேன். தாலிய சேர்க்கல."

படிவத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அம்மா, நோபடி டஸ் தட். நகை, கார், ஃபர்னிச்சர் எதுவும் போட வேண்டாம்னு அதுலயே இருக்கு."

இருக்கிறதுதான். கேள்விக்குறி போட்ட ஒரு சின்ன வட்டத்தைத் தொட்டால் வருகிறது. நான் தொடவில்லை.

இவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே வந்தார். "அறுபத்திரண்டா? உங்க வீட்ல போட்டது நாப்பதுதானளா?"

மிச்சம் இருபத்திரண்டு, பதினெட்டு வருடமாக வீட்டுச் செலவில் பிடித்தது. தூத்துக்குடிக்குப் போகும்போதெல்லாம் ஒன்று, ஒன்றரை. எல்லாம் நோட்டில் இருக்கிறது. அவர் நோட்டைக் கேட்டதில்லை.

"கவர்மெண்டுக்குச் சொல்லியிருக்கா பாரு, எனக்குச் சொல்லல" என்றார் ரோ.விடம். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் உண்மை என்று கடைசியில் கையெழுத்துக் கேட்கிறார்கள். லாக்கரில் இருப்பதை இல்லை என்று எப்படி எழுதுவது? பத்தாவதோடு நின்றவள் நான். நூலகத்தில் உட்கார்ந்து, வீடியோ பார்த்து, யாரையும் கேட்காமல் நிரப்பினேன் என்று ஒரு பெருமை இருந்தது. ரோ. கணக்குப் போட்டுப் பார்த்ததில், அந்த ஒரு கட்டத்தால் உதவித்தொகை வருடத்துக்கு மூவாயிரத்துக்கு மேல் குறையுமாம்.

டிசம்பர் 11, வியாழன்

காலேஜ் அலுவலகத்துக்குப் போன். சொல்ல வேண்டியதை முதலில் தாளில் எழுதிக்கொண்டேன். நாற்பது நிமிடம் பாட்டு. பிறகு ஒரு பெண்.

நகை வியாபாரம் செய்கிறீர்களா என்றாள். இல்லை, போட்டுக்கொள்ள. அடிக்கடி போடுவீர்களா? கல்யாணம், ஈஸ்டர், கிறிஸ்துமஸ். சிரித்தாள். கேலியாக இல்லை. அது உங்கள் துணிமணி மாதிரி, எழுதவே வேண்டாம் என்றாள். ஆனால் நாளைய கடிதங்கள் தயாராகிவிட்டன. திருத்தம் அனுப்புங்கள், மூன்று வாரம் ஆகலாம்.

எழுதினேன். நான்கு இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தேன். ரோ. மூன்றை அடித்துவிட்டு அனுப்பினாள்.

டிசம்பர் 12, வெள்ளி

வெயில். துணி துவைத்தேன், இரண்டு தடவை. முதல் தடவை சோப்புப் போட மறந்தது.

நான்கு மணி. ரோ. கண்ணை மூடிக்கொண்டு அப்பாவைத் திறக்கச் சொன்னாள். இவர் கண்ணாடியைத் தேடினார். அது நெற்றியில் இருந்தது.

"கெடச்சிட்டு பாப்பா."

கட்டிப்பிடித்தோம். மதிப்பெண்ணுக்கென்று தனி ஸ்காலர்ஷிப்பும் கொடுத்திருக்கிறார்கள். அது எதிர்பாராதது. அடுத்த பக்கத்தில் கணக்கு. எல்லாம் கழித்து நாங்கள் கட்ட வேண்டியது 21,400.

பதினெட்டு இல்லை.

"ரெண்டு வளையல வித்தா முதல் வருசம் ஓடிரும்" என்றார். சரி என்றேன்.

"நோ" என்றாள் ரோ. "எயிட்டீன்னு சொன்னோம்ல. அப்பாக்கு வேலை கிடைக்கலன்னா வீட்டு லோனுக்கு அதுதான் இருக்கு." அது என் மனக்கணக்கு. அவளிடம் நான் சொன்னதே இல்லை.

ஆறு மணிக்கு ஸ்டெல்லா அக்கா போன். எங்கள் கோவில், எங்கள் ஊர். மகன் ஜோயலும் வேறொரு காலேஜுக்கு முன்கூட்டியே போட்டிருந்தான். "மார்ச் வரைக்கும் காத்திருக்கணுமாம்ளா" என்று அழுதார். பிறகு, "ரோஷினிக்கு என்ன ஆச்சு?"

"இன்னும் பாக்கலக்கா."

படிவத்தில் நகையை மறைக்காதவள் இதை மறைத்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

பூசை. இளஞ்சிவப்பு மெழுகுவத்தி ஏற்றும் வாரம். மகிழ்ச்சி பற்றிப் பிரசங்கம். முழுதும் கேட்கவில்லை, ஸ்டெல்லா அக்கா இரண்டு வரிசை முன்னால்.

வாசலில் பிடித்துக்கொண்டார். "ஏளா, பிள்ளைங்க நாலு அஞ்சுக்கே மெசேஜ் போட்டு பேசிட்டாங்க. நீ ஆறு மணிக்கு பாக்கலன்னு சொல்லுதியே."

"நீங்க அழுதீங்கக்கா."

"அழுவேன். அப்புறம் சந்தோசமும் படுவேன். எனக்கு ரெண்டும் வரும்." கையை நன்றாகக் கிள்ளினார். நகை விஷயத்தைச் சொன்னேன். பார்க்கிங்கில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, தணிந்த குரலில்: "எம்புட்டு பவுன்?"

டிசம்பர் 16, செவ்வாய்

கடிதம் இல்லை. கேக் இரண்டு, ஒன்று அடிப்பிடித்தது. மில்பிடாஸ்காரர்கள் இவரை அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வியாழன், வீடியோவில். ரோ. இரண்டு வருடக் காலேஜின் பஸ் நேரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனதும் மூடிவிட்டாள்.

டிசம்பர் 18, வியாழன்

மழை. மதியம் இரண்டரைக்கு மெயில். மூன்று வாரம் என்றவர்கள் ஒரே வாரத்தில். விடுமுறைக்கு முன் முடித்துவிட்டார்கள் போல.

திருத்திய தொகை 17,850.

சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தேன். மனப்பாடமான செபம் ஒன்றும் வரவில்லை. நன்றி ஆண்டவரே, நன்றி ஆண்டவரே, அவ்வளவுதான்.

ரோ.வுக்குப் போன்.

"அம்மா, ஸ்கூல்ல இருக்கேன்."

"பதினேழு எண்ணூத்தம்பது."

"சே இட் அகெய்ன்." சொன்னேன். "அம்மா, நான் அழுதா எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்."

ஸ்டெல்லா அக்காவுக்கு இந்த முறை உடனே சொல்லியாயிற்று.

இவர் மாடி அறையில் இன்டர்வியூவில். கதவைத் தட்டக் கூடாது. ஒரு துண்டுத் தாளில் தொகையைப் பெரிதாக எழுதி, கதவுக்கு அடியில் தள்ளினேன். உள்ளே நாற்காலி நகர்ந்தது. இங்கிலீஷ் பேச்சு நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிடச் சத்தமாக.