வைஃபை பெட்டிக்குப் பின்னால் உங்கள் பென்சில்

மாமா,

இன்று காலை அத்தை வைஃபை பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டார். ஒயரோடு, ஆணியோடு, கொஞ்சம் சுண்ணாம்போடு. பாப்பா பிறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. பகலில் கண் அசந்தால் கொஞ்ச நேரத்திலேயே சிணுங்கி எழுந்துவிடுகிறாள். எல்லாவற்றுக்கும் அந்தப் பெட்டிதான் காரணமாம். "உங்க மாமா இருந்திருந்தா இன்னேரம் இதத் தூக்கித் தெருவுல எறிஞ்சிருப்பாரு" என்றார் அத்தை. எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. போய்ச் சேர்ந்த மனிதரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் மருமகள் யாரிடம் போய் நியாயம் கேட்பாள்?

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். பெட்டி இருந்த இடத்தில், பழைய பெயின்ட் மங்காமல் இருந்த சதுரத்துக்குள், பென்சிலால் வரிசையாக வட்டங்களும் பெருக்கல் குறிகளும். உங்கள் கைதான். உங்கள் வட்டம் எப்போதும் மேலே மூடாமல் நிற்கும்.

நாலு வருடத்துக்கு முன்னால் பெரியவன் பிறந்தபோதும் இதே கதைதான். எனக்கு அம்மா இல்லை. இரண்டு பிரசவத்துக்கும் பத்தியச் சாப்பாடு போட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டி எடுத்தது அத்தைதான். அவரை எதிர்த்துப் பேசுவது எனக்கு லேசான காரியமில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் பெட்டியை அணைத்தால் குமாரபாளையத்துத் துணிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஆர்டர் பார்க்கிற என் வேலை போய்விடும். "புள்ளையா, வேலையா?" என்று அத்தை கேட்டார். அதைப் போன்ற அநியாயமான கேள்வியை நான் கேட்டதே இல்லை. உங்கள் மகனை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

நீங்களும் அன்று அத்தை கட்சிதான். வருடத்தில் பாதியை ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வெளி மாநிலத்தில் கழித்தவர், பேரனுக்காகத் திருச்செங்கோட்டில் தங்கியிருந்தீர்கள். "பச்சப் புள்ளைக்குப் பக்கத்துல அலை ஓடிட்டே இருந்தா எப்படி அம்மிணி தூங்கும்?" என்றீர்கள். குழந்தை டாக்டர், இந்த வயதில் அடிக்கடி பாலுக்கு எழுந்திருப்பது வழக்கம்தான் என்று சொன்னதை நான் சொன்னேன். உங்கள் காதில் ஏறவில்லை.

அப்புறம் நீங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. போர் போடுமுன் நீரோட்டம் பார்க்கிற மாதிரி, உள்ளங்கையில் குடுமித் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தீர்கள். கூடத்தில் ஒன்றும் இல்லை. சமையலறையில் ஒன்றும் இல்லை. தூளிக்குப் பக்கத்துச் சுவரை நெருங்கியதும் தேங்காய் விருட்டென்று எழுந்து நின்றது. "பாத்தியா சாமி, இங்கதான் ஓடுது!"

"அது காலையிலிருந்து அணைஞ்சு கெடக்குதுங்க மாமா. தரை தொடைக்கறக்கு நான்தான் ஒயரக் கழட்டுனேன்."

நீங்கள் தேங்காயைப் பார்த்தீர்கள். ஒயரைப் பார்த்தீர்கள். தேங்காயைச் சமையலறையில் வைத்துவிட்டுப் போனீர்கள். மதியம் அது சட்னியாக வந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் நானே பேச வந்தேன். எருமப்பட்டிக் காட்டில் நீங்கள் தேங்காய் பார்த்துப் புள்ளி வைத்த போரைப் பற்றி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்களே, அதைக் கையில் எடுத்தேன். துளைக்குள் எத்தனை ராடு கம்பி இறங்கியது என்பதை வைத்துத்தான் ஆழக் கணக்கு. அன்று காட்டின் சொந்தக்காரரையே எண்ணச் சொல்லிவிட்டு நீங்கள் தள்ளிப் போய் நின்றீர்கள். "புள்ளி வெச்சவன் ராடு எண்ணக் கூடாது. அவனுக்கு ஆசை இருக்கும்" என்பீர்கள். தண்ணீர் வராத அந்தப் போரைப் பற்றி அவ்வளவு பெருமையாகப் பேசுகிற ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"டப்பா மேல புள்ளி வெச்சது நீங்க. தப்பில்லைங்கறது நான். ரெண்டு பேருக்கும் ஆசை இருக்குது. தெனமும் உங்க இஷ்டத்துக்குப் போடுங்க, இல்லாட்டி அணைச்சு வெய்யுங்க. எனக்குச் சொல்லாதீங்க. புள்ள எத்தன தடவை முழிக்குதுன்னு நான் எண்ணறேன்" என்றேன். மீசையைத் தடவினீர்கள். பிறகு ஓடுகிறதா என்று எனக்குத் தெரியாதபடி பெட்டியின் விளக்குகள் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினீர்கள்.

இரண்டு வாரம். எல்லோரும் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, இருந்த டேட்டாவை வைத்துச் சமாளித்தோம். பகலில் அவன் விழிக்கும்போதெல்லாம் நாள்காட்டித் தாளில் ஒரு கோடு போட்டேன். நடுவில் ஒரு நாள் தூளிப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டீர்கள்: "டப்பாவை உடு அம்மிணி, உன்ற போனுதான் கத்தி எழுப்புது!" உண்மைதான். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அன்றிலிருந்து பிள்ளை தூங்கும் அறைக்குள் என் போன் போவதில்லை.

கடைசி நாள் என் தாள்களை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள். பெட்டி என்றைக்கு ஓடியது, என்றைக்கு ஓடவில்லை என்பது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். எதைச் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க வேண்டியதுதான். வெளியே வந்து, "ஒண்ணும் வித்தியாசமில்ல அம்மிணி. நீ வேலையப் பாரு" என்றீர்கள்.

"அத்தைகிட்டயும் சொல்லிப் போடுங்க மாமா."

"சொல்றேன், சொல்றேன்."

சொல்லவே இல்லை. பெரியவன் வளர்ந்து தூக்கம் சரியானதும் அத்தையும் அதைக் கேட்கவில்லை. அதன்பிறகு மூன்று வருடம் இருந்தீர்கள். மருமகளிடம் தோற்றேன் என்று பெண்டாட்டியிடம் சொல்ல உங்களுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. உங்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு, மாமா. செத்துப் போனதால் அதை விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள்.

பெரியவனின் தடுப்பூசி அட்டையோடு வைத்திருந்த நாள்காட்டித் தாள்களைக் கொண்டுவந்து அத்தை முன்னால் பரப்பினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். சுவரைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. உங்கள் போர் நோட்டில் தண்ணீர் வந்தால் வட்டம், வராவிட்டால் பெருக்கல். அதே குறிதான் இங்கே பெட்டி ஓடிய நாளுக்கும் ஓடாத நாளுக்கும். அத்தை விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தாளோடு ஒத்துப் பார்த்தார். வட்டம் போட்ட நாளிலும் கோடுகள் உண்டு, பெருக்கல் போட்ட நாளிலும் அதே மாதிரி கோடுகள் உண்டு.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே அந்த மனுசன்" என்றார். கண் கலங்கியது. எனக்கும்தான்.

ஆனால் நான் அதோடு விடவில்லை. "அது பெரியவனுக்குப் பாத்ததுங்க அத்தை. இவளுக்கு நீங்களே பாருங்க. ஓடுதா இல்லையான்னு நீங்க மறைச்சு வெய்யுங்க, நான் எண்ணறேன்."

"எண்ணிப் பாத்து, டப்பா மேலதான் தப்புன்னு வந்துட்டா?"

"நானே கழட்டி மொட்டை மாடிக்குக் கொண்டு போயிருவேனுங்க. அங்க உக்காந்து வேலை பாப்பேன். வேலைய மட்டும் உடமாட்டேன்."

உங்கள் தேங்காயை நான் இன்றைக்கும் நம்பவில்லை, மாமா. இனியும் நம்பமாட்டேன். ஆனால் பொய் சொன்னால் கேட்க ஆளில்லாத அறைக்குள்ளிருந்து மெய்யோடு வெளியே வந்தீர்களே, அது மட்டும் என்னிடம் இருக்கிறது. தோற்கத் தயாராக இல்லாதவள் எண்ணக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பென்சிலைக் கேட்டார். கொடுத்தேன்.

"அக்கட்டால திரும்பிக்க."

திரும்பிக்கொண்டேன். எனக்குப் பின்னால், உங்கள் கடைசிக் குறிக்குக் கீழே, பென்சில் சுவரில் உரசும் சத்தமும், பெட்டியை அதன் மேல் சாத்தும் சத்தமும் கேட்டன. தூளிக்குள் பாப்பா சிணுங்க ஆரம்பித்தாள். வட்டமா பெருக்கலா என்று நான் பார்க்கவில்லை. நாள்காட்டியை எடுத்து முதல் கோட்டைப் போட்டேன்.