மூன்று முறை பிடித்த பேண்ட்

கோபித்துக்கொண்டு போன என் வீட்டுக்காரிக்கு,

முதலில் நல்ல செய்தி. எனக்குச் சர்க்கரை வியாதியாம். முறைக்காதே, மேலே படி.

சண்டை போட்டு உன்னை உன் அக்கா வீட்டுக்குத் துரத்தினேனே, அது நீ பொத்தானை மாற்றித் தைத்ததற்காக இல்லை. இரண்டே மாதத்தில் என் பேண்ட்டை மூன்று முறை இடுப்பில் பிடித்துத் தைத்துவிட்டேன். அதுவும் நீ குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து. அப்பாவும் இப்படித்தான் இளைத்துக்கொண்டே போனார், வயிற்றில் கட்டி. எனக்கும் அதேதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அதை நீ பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

போன வாரம் நம் தையல் கடையில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண் மங்கல். பக்கத்துக் கடை கண்ணாடிக்காரரிடம் போனேன். அவர் கண்ணைப் பார்த்து முடிப்பதற்குள் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து, இரண்டு தடவை பாத்ரூம் போய்விட்டேன்.

"அண்ணே, உங்களுக்குக் கண்ணாடி அப்புறம். முதல்ல ரத்தத்தைப் பாருங்க" என்று அவரே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

ரத்தமும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "தாகம், உடம்பு இளைக்கிறது, கண் மங்கல், எல்லாமே சர்க்கரைதான். மாத்திரையை ஒழுங்கா போடுங்க, வாயைக் கட்டுங்க, இளைச்ச உடம்பு தேறிடும், சமாளிச்சிடலாம்" என்றார்.

"கட்டி?" என்றேன்.

"அதான் ஸ்கேன்லயும் பார்த்தாச்சே. ஒண்ணுமில்ல."

வியாதி வந்ததற்கு இப்படிக் கும்பிட்ட ஆளை அவர் பார்த்ததே இல்லையாம்.

பேண்ட் அப்படியே இருக்கிறது. மூன்று முறை பிடித்தும், மிச்சத் துணியை வெட்ட மட்டும் எனக்குக் கை வரவில்லை. உள்ளே மடித்தே வைத்திருக்கிறேன். நீ வந்து தையலைப் பிரித்துவிடு.

உன்
பொத்தான் சண்டைக்காரன்