எதுல கேக்கறது?

14 ஆகஸ்ட் 1964, வெள்ளி

எங்கள் முதல் ஜாஸ் இசைத்தட்டின் பதிவு இன்று முடிந்தது. நான் பியானோ, செல்வராஜ் டபுள் பாஸ், பெட்ரோ டிரம்ஸ். கடைசியாக வாசித்தது, என் மனைவி சரோஜா கோபித்துக்கொண்டு முலுண்டில் அவள் அப்பா வீட்டுக்குப் போனபின் நான் எழுதிய மெட்டு. பாதியில் அவர்கள் இருவரும் கையை எடுத்துவிட்டார்கள். நான் தனியாகவே வாசித்து முடித்தேன்.

"ஏன்டா நிறுத்திட்டீங்க?"

"அது ஒங்க வீட்டுப் பேச்சுல்லா அண்ணே. நாங்க எப்படி நடுவுல வர?" என்றான் செல்வராஜ்.

அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மாட்டுங்காவில் ரயிலை விட்டு இறங்கியதும் ஈரானி டீக்கடையிலிருந்து போன் செய்தேன். சரோஜாதான் எடுத்தாள்.

"ரெக்கார்டிங் முடிஞ்சுது. அதுல ஒரு பாட்டு உனக்கு."

"எதுல கேக்கறது? இங்க கிராமபோன் இல்லையே" என்றாள்.

"ஒண்ணு வாங்கி அனுப்பறேன்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும்தான் உறைத்தது. எங்கள் கிராமபோன் இங்கே மேசைமேல் இருக்கிறது. வந்து கேளேன் என்று நான் சொல்வதற்குத்தான் அவள் காத்திருந்திருக்கிறாள். திரும்ப ஓடினேன். கடையை அடைத்துவிட்டார்கள்.

காலையில் முதல் லோகல் ரயிலில் முலுண்டு போகிறேன். அவள் அப்பாதான் கதவைத் திறப்பார்.