டீத் தட்டில் வந்த பொட்டலம்

அக்கா,

இன்று காலை பட்டறைக்கு டீ வந்தபோது, டம்ளர்களுக்கு நடுவே மறுபடியும் அந்தப் புகையிலைப் பொட்டலங்கள் இருந்தன. பக்கத்துத் தறிக்காரி ஒன்றைக் கிழித்தாள். அந்த இனிப்பு நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் முந்தானை வாசம் நினைவுக்கு வந்தது. நீங்கள் கண்ணை மூடி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

நம் ஆட்டையாம்பட்டிப் பட்டறையில் தறிகள் ஓடும்போது வாயால் பேசிப் பயனில்லை. நம் அரட்டை முழுக்கக் கையிலும் கண்ணிலும்தான். முதலாளி வருகிறார் என்றால் இல்லாத மீசையை முறுக்கிக் காட்டுவீர்கள். கன்னத்தைத் தட்டினால் பொட்டலம் கொடு என்று அர்த்தம். கையை உயர்த்தி விரல்களை மூடினால் தறியை நிறுத்து.

பஞ்சு பறக்கிற இடம் என்று பீடிக்குத் தடை. அதற்குப் பதிலாக முதலாளியே டீயோடு பொட்டலம் அனுப்பினார். "இதுல என்ன நெருப்பா இருக்குது? வாயில போட்டுக்கிட்டு வேலையப் பாருங்க" என்பார். தூக்கமும் பசியும் தெரியாமல் நாம் நெய்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. "மொதலாளி நல்ல மனுசன் சாமி, இதுக்குக் கூலியில பிடிக்கறதில்ல" என்று அவருக்கு நீங்கள் வேறு பரிந்து பேசினீர்கள். எனக்கு இப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படர்ந்தபோது, "வெத்தலைச் சுண்ணாம்பு சுட்டுப்போச்சு சாமி, வெண்ணெ தடவுனா ஆறிரும்" என்றீர்கள். நாம் எல்லோரும் அதை நம்பினோம். வாய் திறக்க முடியாமல் போகும் வரை வெண்ணெய்தான் தடவினீர்கள்.

அதே சமயத்தில்தான் அதிகாரிகள் ஜீப்பில் வந்து, புகையிலை விற்றதற்காக பஸ் ஸ்டாப் பெட்டிக்கடைக்குச் சீல் வைத்தார்கள். புற்றுநோய் படம் போட்ட தாளைச் சுவரில் ஒட்டினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எதிரே நம் பட்டறைக் கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. உள்ளே ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சட்டத்துக்குப் பெட்டிக்கடை மட்டும்தான் கண்ணில் படுமா?

சேலம் பெரியாஸ்பத்திரியில் தாடையை அறுத்த பிறகு உங்களுக்குப் பேச்சு இல்லை. நர்சுக்குப் புரியாததெல்லாம் எனக்குப் புரிந்தது, நாம் பட்டறையில் பேசிய பேச்சுதானே. முதலாளி ஆப்பிள் பையோடு வந்தார். மெல்ல வாய் இல்லாதவருக்கு ஆப்பிள்! "எல்லாம் விதிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முதுகு மறைந்ததும் நீங்கள் கட்டுப் போட்ட கன்னத்தைத் தொட்டீர்கள். பிறகு கையை உயர்த்தி விரல்களை மூடினீர்கள். நான் தலையாட்டினேன். பட்டறைக்குப் பொட்டலம் வருவதை நிறுத்துகிறேன் என்று தலையாட்டிவிட்டு, வேலை போய்விடுமே என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்று முடியவில்லை. தட்டில் இருந்த ஒரு பொட்டலத்தை எடுத்துப்போய் முதலாளியிடம் நீட்டி, தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"நீங்க ஒண்ணு போடுங்க."

"எனக்கெதுக்கு? எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்ல."

"உங்க ஊட்டுல யாருக்காச்சும் குடுப்பீங்களா?"

"காலங்காத்தால என்ன பேச்சு இது? போய்த் தறியப் பாரு."

நான் போகவில்லை. எல்லோரும் பார்க்கும்படி திரும்பி நின்று, முதலில் கன்னத்தைத் தொட்டேன், பிறகு கையை உயர்த்தி விரல்களை மூடினேன். உங்கள் பழைய தறியில் இருப்பவள் முதலில் நிறுத்தினாள். அடுத்து ஒன்று, அப்புறம் இன்னொன்று. கடைசித் தறியும் நின்றபோது, பட்டறையில் ஒருவர் மூச்சு விடுவது ஒருவருக்குக் கேட்டது.

"எங்கக்கா நிறுத்தச் சொல்லிட்டுப் போயிருக்குதுங்க" என்றேன்.

முதலாளி வெளியே போனார். நாளை எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. ஆனால் மறுபடி தட்டில் பொட்டலம் வந்தால் என் கை எழும், அக்கா. அது நீங்கள் கடைசியாகத் தூக்கிய கை.