அக்காவுக்காக வந்த பரிந்துரை

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் வலியைத் தவிர இங்கே குறை ஒன்றும் இல்லை. நீங்கள் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று நீயாக எழுதினால்தான் எனக்குத் தெரியும். எழுதத்தான் உனக்குக் கை வருவதில்லை.

ஒரு வேடிக்கை கேள். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒருவர். ஆறு வருடத்துக்கு முன்னால் அவருடைய அப்பா எங்கள் பிணவறையில் பதினேழு நாள் பெயர் இல்லாமல் கிடந்தார். சட்டைக் காலரில் இருந்த தையல்கடை அடையாளத் துணியை வைத்துக்கொண்டு பதினோரு கடை ஏறி இறங்கி வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த பஸ்காரர் இப்போது என்னால் தகவல் கிடைத்த குடும்பங்களை எல்லாம் தேடிப்பிடித்து, நாற்பத்தொரு பேரிடம் நடந்ததை எழுதிக் கையெழுத்தும் வாங்கி, தேசிய விருதுக்கு என் பெயரை எழுதிப் போட்டுவிட்டாராம்! அந்தத் தபாலைப் பிரிப்பது உன் பிரிவுதானே? நீ அங்கே இருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சிபாரிசு என்று நாளைக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது பார்.

"பட்டம் வந்துட்டா எங்களையெல்லாம் கண்டுக்குவீங்களா?" என்று எங்கள் டாக்டர் கேலி செய்கிறார். "நீங்க படுத்துக்கிட்டு வந்தா கண்டிப்பா கண்டுக்குவேன் சார்" என்றேன்.

சின்னக்குட்டிக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. எங்களுக்கு வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் பரிந்துரைகள் வரும். பெரும்பாலானவை முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். எதிர்பார்ப்பு எதையும் வளர்த்துக்கொள்ள வேண்டாம். அந்த பஸ்காரரிடமும் பக்குவமாகச் சொல்லி வை.

சின்னக்குட்டிக்கு இடம் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை இன்ஜினியர், நல்ல குடும்பம். ஜூன் மாதம் நிச்சயம். ரொம்பச் சின்ன அளவில்தான் செய்கிறோம். முழங்கால் வலியோடு நீ அலைய வேண்டாம், கல்யாணத்துக்கு வந்தால் போதும்.

தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

நிச்சயத்துக்கு வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். என் முழங்கால்மேல் உனக்கு இவ்வளவு அக்கறை என்று இதுவரை தெரியாமல் போயிற்று. போகட்டும். குழந்தைக்கு நல்ல இடம் அமைந்ததே, வயிறு குளிர்ந்துவிட்டது.

விருதுப் பட்டியல் பேப்பரில் வந்ததே, பார்த்தேன். அந்தப் பாடகிக்குக் கொடுத்தது ரொம்பச் சரி. அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டே எத்தனையோ பேருக்குத் தலை சீவியிருக்கிறேன். மூன்றாவது தடவையாக வாங்குகிற அந்தத் தொழிலதிபர் என்ன செய்தார் என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

என்னைக் கேட்டால் ஓர் ஆளைச் சொல்வேன். இங்கே ஓர் ஏட்டு இருக்கிறார். நான் முகவரி கண்டுபிடித்துக் கொடுத்தால், வீட்டுக்குப் போய்ச் செய்தி சொல்கிற வேலை அவருடையது. வாசலில் நின்று சொல்ல மாட்டார். உள்ளே போய், தொப்பியைக் கழற்றி, குடிக்கத் தண்ணீர் கேட்டு, அவர்களையும் உட்கார வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். சொன்ன பிறகும் உடனே எழுந்து வர மாட்டார். இருபது வருடமாக இதைச் செய்கிறார். அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பாய்? அடுத்த வருடம் அவர் பெயரை நான் எழுதிப் போடப் போகிறேன். சொந்தக்காரர் இல்லை, பயப்படாதே.

உன் அக்கா


மே 9

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

உன் பரிந்துரை என் மேஜைக்குத்தான் வந்தது. உறவு என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நான் அதைச் செய்யவில்லை. "விவரம் முழுமையாக இல்லை" என்று எழுதி, கட்டோடு கட்டாக வைத்துவிட்டேன். நேர்மைக்குப் பயந்து செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அது இல்லை.

போன வாரம் அந்த பஸ்காரர் லீவு போட்டுவிட்டு நேரிலேயே வந்துவிட்டார்.

"பேப்பர்ல என்ன குறைன்னு சொல்லுங்க சார், சரி பண்ணித் தர்றேன்."

"விவரம் பத்தலைங்க" என்றேன்.

"என்ன விவரம் சார் வேணும்? அப்பாவை அடையாளம் காட்டக் கூப்பிட்டப்ப நான் பயந்துபோய் வெளியவே நின்னுட்டேன். அந்தம்மா உள்ள போயி, முகத்தத் துடைச்சு, தலை சீவி, சட்டைப் பித்தானெல்லாம் போட்டுவிட்டுட்டு வந்து, 'இப்ப வாங்க தம்பி, அப்பா தூங்கற மாதிரிதான் இருக்காரு'ன்னாங்க. இதை எந்தக் கட்டத்துல எழுதணும் சார்?"

பக்கத்து மேஜைக்காரர்கள்கூட எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். "அவங்க என் அக்கா" என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. நான் சொல்லவில்லை. "பார்க்கிறோம்" என்று அனுப்பிவிட்டேன்.

சம்பந்தி வீட்டில் நீ ஆஸ்பத்திரி ஆபீசில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். விருது வந்தால் உன் வேலையும் பேப்பரில் வந்துவிடும் என்று பயந்தேன். நிச்சயத்துக்கு வர வேண்டாம் என்றதும் அதனால்தான். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

தம்பி


மே 21

தம்பிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

ஆபீஸ் கதை எனக்கு முன்பே தெரியும். மார்ச் மாதம் உன் சம்பந்தியம்மா போனில் பேசினார்கள். சின்னக்குட்டி நம்பர் கொடுத்தாளாம். "ஆபீஸ்ல வேலை ரொம்ப அதிகமா அண்ணி?" என்று கேட்டார்கள். ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "ஆமாங்க, ஃபைல் குவிஞ்சு கிடக்கு" என்றேன்.

அன்றைக்குப் பிணவறையில் நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்குச் சின்னக்குட்டி வயதுதான் இருக்கும். போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளைப் போய் ஃபைல் என்று சொல்லிவிட்டேனே.

பட்டம் வராததில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. ஆனால் அந்த நாற்பத்தொரு பேரும் தங்கள் வீட்டுச் சாவை உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அதைக் குறை என்று எழுதியிருக்கிறாய். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது உன் பொறுப்பு.

இன்னொன்று. உனக்காக ஒரு தடவை பொய் சொன்னேன், இனிமேல் முடியாது. நான் நிச்சயத்துக்கு வருவேன், யாராவது கேட்டால் என்ன வேலை என்று சொல்வேன். அது உனக்குச் சரிப்படாது என்றால் பதில் போடாதே. நானே புரிந்துகொள்கிறேன். அதற்குப் பிறகு எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அக்கா


ஜூன் 2

என் அக்காவுக்கு,

மேலதிகாரியிடம் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் பரிந்துரை இப்போது வேறொரு அதிகாரியிடம் இருக்கிறது, அடுத்த வருடம் பரிசீலிப்பார்களாம். எனக்கு மெமோ வந்திருக்கிறது, மாற்றலும் வரலாம். நாற்பத்தொரு பேருக்கும் என் கையாலேயே கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பஸ்காரருக்கு முதலில் எழுதினேன், உன் தம்பி என்று கையெழுத்துப் போட்டு.

ஞாயிற்றுக்கிழமை சின்னக்குட்டியையும் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்கள். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்துச் சின்னக்குட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தியம்மா ஒரு போட்டோவோடு திரும்பி வந்தார்கள்.

"எனக்கு ஒரு தம்பி, அண்ணா. பதினோரு வருஷமாச்சு, கோவிச்சுக்கிட்டுப் போனவன். அம்மா சாகற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தாங்க. உங்க அக்காகிட்ட இதைக் காட்டலாமா? அவங்க எதுவும் நெனச்சுக்க மாட்டாங்களே?"

இரண்டு நாள் முன்பாகவே வந்துவிடு அக்கா. அவர்கள் உன்னிடம் தனியாகப் பேச வேண்டுமாம்.

ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

உன் தம்பி