ஜெபப் பெட்டியில் போட்ட பெயர்

ஜூன் 8, சனி

பாப்பாவுக்குச் சளி. மூச்சு விடுகிறாளா என்று நான்கு முறை மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். செம்பியனுக்கு ஒரகடம் கம்பெனியில் இந்த வாரமும் ஷிஃப்ட். கணவர் என்று பெயர், மாதத்தில் இரண்டு நாள்தான் முகம். போனில், "நீ ஜாஸ்தி யோசிக்கிற ஜான்சி" என்றார், வைத்துவிட்டார்.

மாலை சபையில் வாலிபர் கூட்டம். படித்த பொண்ணு, பேசத் தெரிந்தவள் என்று பாஸ்டரம்மா புஷ்பவள்ளி என் தலையில் கட்டிய வேலை. முடிக்குச் சாயம் பூசி, கண்ட இடத்தில் குத்திக்கொண்டு பீச்சில் திரியும் பிள்ளைகளைக் கூப்பிட்டு டீ, பிஸ்கட், பாட்டு, பத்து நிமிடம் வசனம். இன்று மூன்று பேர். முதுநகர் கனிமொழி தன் சிநேகிதியை அழைத்து வந்திருந்தாள் — அனுப்பிரியா. பத்தொன்பது வயது, சிதம்பரத்தில் டாட்டூ கடையில் வேலை. தலை ஒரு பக்கம் ஒட்டச் சிரைத்து, மறுபக்கம் மயில்கழுத்து நீலம். புருவத்தில் வளையம். வலது கை முழுக்கப் பச்சை குத்திய இலைக்கொடி.

பாட்டுக்கு நடுவில் என்னிடம் குனிந்து, "யக்கா, நீங்க சாப்டீங்களா? மூஞ்சியே சரியில்ல" என்றாள்.

ஏழு மாதமாக எல்லாரும் பாப்பா பால் குடித்தாளா என்றுதான் கேட்கிறார்கள்.

ஜூன் 15

மறுபடி வந்தாள். பாப்பா புருவ வளையத்தைப் பிடித்து இழுத்துவிட்டாள். நான் பதறினேன். "உடுங்கக்கா, எங்கப்பா இழுத்ததவிட இவ மெதுவாத்தான் இழுக்குறா." அந்த முடியோடு வாசல்படி ஏறக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

"என்னைய மாத்தணும்னுதானே கூப்புடுறீங்க?" என்றும் கேட்டாள். தெரியவில்லை என்றேன். பொய்யில்லை. டீ நன்றாக இருக்கிறது, அதற்காவது வருகிறேன் என்றாள்.

ஜூன் 20

கடை லீவு என்று வீட்டுக்கே வந்தாள். கையிலிருக்கும் கொடி மேல் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னாள். வரிவரியாகத் தடிப்பு. பதினாறு வயதில் தானே அறுத்துக்கொண்டது. "இது மேலதான் எலை போட்டேன். யாருக்கும் தெரியாதுக்கா."

நானும் சொல்லியிருக்கலாம். சில மத்தியானம் குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமில் உட்கார்ந்து அழுவதை. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜூன் 22

வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். மறுபடி கையை — வேண்டாம், எழுத மாட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

காலையில் ஆராதனைக்கு முன் துண்டுச்சீட்டில் எழுதி ஜெபப் பெட்டியில் போட்டேன். எங்கள் சபையில் பெயர் போடாத விண்ணப்பத்தைப் போதகர் எடுக்க மாட்டார். முழுப் பெயரும் எழுதினேன். கையைப் பற்றியும் எழுதினேன். பயத்தில் எழுதினேன்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன்தான் உடைந்திருக்கிறது. என்னைப் பார்க்க ஆராதனைக்கே வந்துவிட்டாள், கனிமொழியோடு பின்பெஞ்சில். போதகர் சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டார். சகோதரி அனுப்பிரியா, கையை அறுத்துக்கொள்ளும் ஆவியிலிருந்து விடுபட...

ஆவி என்று நான் எழுதவில்லை. அது அவர் சேர்த்தது. பெயர் நான் எழுதியது.

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. நீல முடியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவள் சட்டைக்கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். கேட்டருகில் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"உங்ககிட்டதானே யக்கா சொன்னேன்?"

அவ்வளவுதான்.

ஜூன் 24

பாஸ்டரம்மா போன் செய்தார்கள். ஜெபத்துக்குத்தானே கொடுத்தாய், இதில் தப்பு என்ன என்றார்கள். மனசாரக் கேட்கிறார்கள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 27

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்துக்கு ரயில் ஏறினேன். மூன்று வருடம் காலேஜுக்குப் போன ஊர், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கடையில் அவள் யாரோ ஒருவரின் மணிக்கட்டில் பூ வரைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. மன்னிச்சிடு என்றேன். மெஷின் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ.

"வேலையிருக்கு. கெளம்புங்க. பாப்பாவுக்கு வெயில் ஒத்துக்காது."

யக்கா என்று சொல்லவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

இன்று இன்னொரு சீட்டு போட்டேன். 'ஜான்சி செம்பியன். குழந்தை பிறந்ததிலிருந்து பயம். மத்தியானத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன்.' போதகர் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார், பிறகு படித்து முடித்தார். எல்லாத் தலையும் என் பக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமராவதி ஆன்ட்டி என் மடியிலிருந்த பாப்பாவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்கள், நான் ஏதோ செய்துவிடுவேன் என்பதுபோல. காது எரிந்தது.

இப்படித்தானே இருந்திருக்கும் அவளுக்கு.

முடிந்ததும் போதகரிடம் போய், சனிக்கிழமைப் பிள்ளைகள் பெயர் இனிமேல் பெட்டிக்கு வராது, நான் கூட்டம் நடத்த வேண்டுமென்றால் அப்படித்தான் என்றேன். யோசிக்கிறேன் என்றார். கனிமொழி பின்பெஞ்சில் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஜூலை 6

டீ போட்டேன். யாரும் வரவில்லை. ஆறியதை நானே குடித்தேன்.

ஜூலை 13, சனி

ஒருத்தி வந்தாள். புருவத்தில் அதே வளையம், முடி இப்போது செம்பருத்திச் சிவப்பு. கனிமொழி சொன்னாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாப்பாவை வாங்கிக்கொண்டாள். பிறகு, "சாப்டீங்களா யக்கா?"

இல்லை என்றேன். நிஜத்தைச் சொன்னேன். பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். இட்லி, சிதம்பரத்துக் கத்திரிக்காய் கொத்சு.

பாட்டும் இல்லை, வசனமும் இல்லை. அவள் கொஞ்சம் பேசினாள், நான் நிறையப் பேசினேன். என்ன பேசினோம் என்பது இந்த நோட்டுக்கும் வேண்டாம்.

பாப்பா தூங்குகிறாள். மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு முறைதான்.