என் பெயரைச் சொல்லி அடைத்த மடை

அனுப்புநர்:
ம. அருளம்மாள்,
க/பெ. (லேட்) மரிய ஆனந்த்,
மாதா கோயில் தெரு, வாகைக்கண்மாய்,
சாக்கோட்டை வழி, காரைக்குடி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: தண்டனை முடிந்து ஊர் திரும்பிய பாண்டீஸ்வரனின் வயலுக்கு உரிய முறைத் தண்ணீரை நிறுத்தி, என் வயலுக்குப் பாய்ச்சுவதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கண்மாய்த் தண்ணீர்த் தகராறில் பக்கத்து வயல்காரர் பாண்டீஸ்வரன் 1987-இல் மண்வெட்டியால் வெட்டியதில் என் கணவர் இறந்தார். கோர்ட்டில் பாண்டீஸ்வரனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவள் நான்தான். மதுரைச் சிறையில் இருந்துவிட்டு 1997-இல் அவர் ஊருக்கு வந்தார்.

2. வந்த வாரமே ஊரார் கூட்டம் போட்டு அவர் வயல் மடையை அடைத்தார்கள். அருளம்மாளுக்குச் செய்த பாவத்துக்கு ஈடாக அந்தத் தண்ணீர் அருளம்மாள் வயலுக்கே போகட்டும் என்று முடிவு செய்தார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சிறையில் இருந்த காலமெல்லாம் அவர் மனைவி ஒச்சம்மாள் வைத்த பயிருக்குத் தண்ணீர் விட்ட ஊர்தான் இது.

3. போன வருஷம் என் வயல் விளைந்தது, அவர்கள் வயல் பொட்டலாகக் கிடந்தது. என் கதிரை அறுக்க ஒச்சம்மாளே கூலிக்கு வந்தார். வேறு எங்கே போவார்? வரப்பில் நிற்க முடியாமல் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த நெல்லில் ஆக்கிய சோற்றை ஒரு வாய்க்கு மேல் உண்ணாமல் தள்ளி வைத்தேன் ஐயா.

4. இந்த வருஷம் அவர்கள் மழையை நம்பி விதைத்தார்கள். கதிர் வரும் நேரத்தில் மழை நின்றுவிட்டது. சென்ற வாரம் நானே மடையில் போட்ட மண்ணை விலக்கி அவர்கள் வயலுக்குத் தண்ணீர் விட்டேன். பாண்டீஸ்வரன் ஓடி வந்து, "வேணாம் மதினி, எங்களுக்காக ஊரைப் பகைச்சுக்கிறாதீக" என்று சொல்லி, மண்வெட்டியை எடுத்துத் தானே அடைத்தார். அவர் கையில் மண்வெட்டியைப் பார்த்ததும் நான் இரண்டு வரப்பு தள்ளிப் போய்விட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் வந்து, இன்னொரு தடவை திறந்தால் என் முறையும் நின்றுவிடும் என்றார்கள். புருஷனைக் கொன்றவனுக்குப் பரிகிறாயே, வெட்கமில்லையா என்றும் கேட்டார்கள்.

5. அவரை மன்னித்துவிட்டாயா என்று தாங்களும் கேட்கக்கூடும். பங்குச் சாமியார் கேட்டதற்கே நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பாண்டீஸ்வரன் முகத்தைப் பார்த்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் தண்டனை கொடுத்த கோர்ட் தண்ணீரை நிறுத்தச் சொல்லவில்லை. ஒச்சம்மாளுக்கோ எந்தக் கோர்ட்டும் தண்டனையே கொடுக்கவில்லை. இந்தப் பயிரும் கருகினால் ஊரைவிட்டே போய்விடுவதாக ஒச்சம்மாள் சொல்கிறார். போனால், துரத்தியது அருளம்மாள் என்றுதான் பேச்சு நிலைக்கும்.

வருகிற வெள்ளிக்கிழமை அவர்களுடைய முறை. அதற்குள் அதிகாரி ஒருவரை அனுப்பி, என் பெயரைச் சொல்லி அடைத்த மடையை என் பெயரைச் சொல்லியே திறந்துவிட உத்தரவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அதிகாரி வரும்போது நானும் அங்கே வந்து நிற்பேன். பாண்டீஸ்வரனைப் பார்க்காமல் திரும்பித்தான் நிற்பேன், அதைப் பிழையாக எண்ண வேண்டாம்.

இடம்: வாகைக்கண்மாய்
நாள்: 4.1.1999

இப்படிக்கு,
(ஒப்பம்) ம. அருளம்மாள்